பழைய கப்பல் போட்டோவை பிரேம் போட்டு மாட்டணுமா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

எங்க வீட்டு ஹால்ல ஆறு கப்பல் போட்டோ தொங்குது, எல்லாமே 1844-ல இருந்து 1911-க்குள்ள எடுத்தது. வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "இதுல டைட்டானிக் எது?"ன்னுதான். ஒரே ஒரு படத்துல, அதுவும் தூரத்துல பின்னாடி இருக்குன்னு காட்டினா முகம் சுருங்கிடும். அப்புறம் டீ குடிச்சுக்கிட்டே கிட்ட போய் பாப்பாங்க, பத்து நிமிஷத்துல "இது எங்க வாங்கினீங்க, எவ்ளோ பெருசு போடலாம், எங்க பிரேம் போட்டீங்க"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி ஓஞ்சு போயிட்டேன், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடுறேன்.

ஒரே ஒரு படம்தான் மாட்ட இடம் இருக்கு. எதை மாட்டட்டும்?

என்னை கேட்டா கப்பலே இல்லாத ஒரு கப்பல் போட்டோவை சொல்வேன். 1857 நவம்பர்ல லண்டன் மில்வால்ல ராபர்ட் ஹவ்லெட்ங்கிறவர் எடுத்தது. 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலை டிசைன் பண்ண இன்ஜினியர் புரூனெல் ஒரு பெரிய சங்கிலிச் சுருளுக்கு முன்னாடி நிக்கிறாரு, ரெண்டு கையும் பேன்ட் பாக்கெட்ல, வாயில சுருட்டு, தலையில உயரமான தொப்பி, முழங்கால் வரைக்கும் சேறு. சங்கிலியோட ஒவ்வொரு கண்ணியும் அவர் தலை சைஸுக்கு இருக்கும். அந்த சங்கிலி கப்பலை தண்ணியில இறக்கும்போது பிடிச்சு நிறுத்துறதுக்கு. 692 அடி நீளக் கப்பல், தேம்ஸ் ஆத்துல நேரா இறக்க இடம் போதாதுன்னு பக்கவாட்டுல இறக்கப் பாத்தாங்க, நவம்பர் 3-ஆம் தேதி முயற்சி பண்ணப்ப நடக்கல, விபத்துல உயிர்ச்சேதமும் ஆச்சு, கடைசியா 1858 ஜனவரி 31-லதான் மிதந்துச்சு. அந்த இழுபறி நடந்துக்கிட்டு இருந்த நாள்ல எடுத்த முகம் அது. கப்பல் எவ்ளோ பெருசுன்னு அந்த சங்கிலியே சொல்லிடும், கப்பலை காட்டவே வேண்டாம். எடுத்த ஹவ்லெட் அடுத்த வருஷமே இருபத்தேழு வயசுல போயிட்டாரு, புரூனெல் 1859 செப்டம்பர்ல.

கப்பல் முழுசா தெரியணும்னு நினைச்சீங்கன்னா 'மாரிடேனியா'. 1907-ல டைன் ஆத்துல எடுத்த போட்டோ ஒண்ணு இருக்கு, 790 அடி மாரிடேனியா பக்கத்துல சுமார் நூறு அடிதான் இருக்கிற 'டர்பினியா'ங்கிற குட்டி படகு நிக்கும். பாத்தா யானை காலடியில பூனைக்குட்டி மாதிரி. ஆனா ஸ்டீம் டர்பைன் (நீராவியில சுழலுற இன்ஜின்) வச்சு கப்பல் ஓட்ட முடியும்னு 1890-கள்ல நிரூபிச்சதே அந்தப் பூனைக்குட்டிதான். 1897-ல விக்டோரியா ராணியோட வைர விழா கடற்படை அணிவகுப்புல கூப்பிடாமலே உள்ள பூந்து ஓடி, பிடிக்க வந்த படகுகளுக்கெல்லாம் தண்ணி காட்டுச்சு. பத்து வருஷத்துல அதே டர்பைன் பெருசாகி மாரிடேனியாவுக்குள்ள போச்சு. அதாவது அப்பனும் மகனும் ஒரே போட்டோவுல, அப்பன்தான் குட்டியா இருக்கான்.

நான் டைட்டானிக் படம்னு வாங்கினேன், அது டைட்டானிக் இல்லைன்னு ஒருத்தர் சொல்றாரு. உண்மையா?

பெரும்பாலும் உண்மையாத்தான் இருக்கும். நானே ஏமாந்தவன். முதல்ல ஆன்லைன்ல ஒரு கடையில (பேர் வேண்டாம்) "டைட்டானிக் ப்ரொப்பெல்லர், 1912"ன்னு போட்டு வித்தாங்க, மூணு பிரம்மாண்டமான ப்ரொப்பெல்லர், கீழ எறும்பு மாதிரி தொழிலாளிங்க. ஆசையா வாங்கி மாட்டிட்டேன். மெர்ச்சன்ட் நேவியில இருந்து ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டு சார் ஒரு நாள் வந்து மூக்குக் கண்ணாடியை தூக்கிவிட்டு பாத்துட்டு, "தம்பி, இது அக்கா. தங்கச்சி இல்ல"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. அது 1911-ல பெல்ஃபாஸ்ட் டிரை டாக்ல (தண்ணியை வெளியேத்திட்டு கப்பலை நிக்க வைக்கிற இடம்) எடுத்த 'ஒலிம்பிக்'. டைட்டானிக்கோட மூத்த கப்பல், ஒரே அச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ஒலிம்பிக்தான் முதல்ல வந்துச்சு, அதனால பிரஸ்காரங்களும் கம்பெனியும் அதைத்தான் உள்ளயும் வெளியவும் சுத்திச் சுத்தி எடுத்தாங்க. ஒரு வருஷம் கழிச்சு அதே மாதிரி ரெண்டாவது கப்பல் வந்தப்ப யாருக்கும் பெரிய ஆர்வம் இல்ல, வந்த வேகத்துல மூழ்கியும் போச்சு. அப்புறம் எல்லா பேப்பருக்கும் படம் வேணுமே, கையில இருந்த ஒலிம்பிக் படத்துக்கு டைட்டானிக்னு பேர் போட்டு ஓட்டிட்டாங்க, நூறு வருஷமா அதே ஓடுது. அந்த பிரமாதமான மாடிப்படி போட்டோ இருக்கே, கண்ணாடி கூரை, நடுவுல கடிகாரம், அது நீங்க பாத்ததெல்லாம் ஒலிம்பிக் மாடிப்படிதான்.

வீட்லயே செக் பண்ண சில வழி சொல்றேன். மேல்தளத்துல நடைபாதை மாதிரி நீளமா ஓடுற ஏ டெக்கை பாருங்க: முன்பக்க பாதிக்கு கண்ணாடி ஜன்னல் போட்டு மூடியிருந்தா டைட்டானிக், கடைசி வரைக்கும் திறந்தே இருந்தா ஒலிம்பிக். இதுதான் தூரத்துல இருந்தே தெரியுற அடையாளம். அடுத்தது, இன்னும் தண்ணியில இறங்காத கப்பல், உடம்பு வெளிர் நிறத்துல பளிச்சுன்னு இருந்தா அது ஒலிம்பிக், ஏன்னா 1910 அக்டோபர்ல அதை இறக்குறப்போ போட்டோவுல நல்லா விழணும்னே வெளிர் பெயின்ட் அடிச்சாங்க, டைட்டானிக் 1911 மே 31-ல இறங்குறப்போ கறுப்பு. நாலு புகைபோக்கியும் ரெண்டு ரெண்டு ஜோடியா, நடுவுல இடைவெளி விட்டு நின்னா அது ரெண்டுமே இல்ல, 1897-ல வந்த 'கைசர் வில்ஹெல்ம் டெர் குரோஸ' மாதிரி ஜெர்மன் கப்பல். அதையும் டைட்டானிக்னு வித்ததை பாத்திருக்கேன், சிரிக்கிறதா அழறதா தெரியல.

ஒலிம்பிக்னு தெரிஞ்சப்புறம் நான் அதை கழட்டல. படம் அதே படம்தானே, அந்த ப்ரொப்பெல்லரும் அதே சைஸ்தானே. பின்னாடி ஒட்டியிருந்த லேபிளை மட்டும் மாத்திட்டேன்.

அப்ப நிஜமான டைட்டானிக் போட்டோ எதுவுமே இல்லையா?

இருக்கு, கம்மியா இருக்கு. 1912 ஏப்ரல் 10 சவுத்தாம்டன்ல இருந்து கிளம்புறப்போ எஃப்.ஜி.ஓ. ஸ்டூவர்ட் எடுத்தது பிரபலம், அது நிஜம். 1912 மார்ச்ல ரெண்டு கப்பலும் பெல்ஃபாஸ்ட்ல பக்கத்துல பக்கத்துல நின்னப்ப எடுத்ததும் இருக்கு.

கப்பலுக்குள்ள, ஓடிக்கிட்டு இருக்கிறப்போ எடுத்ததுன்னா பெரும்பாலும் பிரான்சிஸ் பிரவுன்ங்கிற ஐரிஷ் ஜெசூட் (இயேசு சபை) பாதிரியார் எடுத்ததுதான். அப்ப அவர் இன்னும் குருப்பட்டம் வாங்காத மாணவர். பிஷப்பா இருந்த சித்தப்பா டிக்கெட் எடுத்துக் கொடுத்தாரு, சவுத்தாம்டன்ல ஏறி பிரான்ஸ்ல செர்பூர் வழியா அயர்லாந்து குவீன்ஸ்டவுன் வரைக்கும். நடுவுல ஒரு பணக்கார அமெரிக்க தம்பதி "நியூயார்க் வரைக்கும் வா, செலவை நாங்க பாத்துக்கறோம்"னு சொல்ல, இவர் மேலதிகாரிக்கு தந்தி அடிச்சு கேட்டாரு, அவர் கப்பலை விட்டு இறங்குன்னு ஒத்தை வரியில பதில் போட்டாரு, இறங்கிட்டாரு. உயிரும் போட்டோவும் பொழைச்சுது. அவர் 1960-ல இறந்ததுக்கு அப்புறம் நெகட்டிவ் எல்லாம் ஒரு ட்ரங்க் பெட்டியில கிடந்து 1985-லதான் இன்னொரு ஜெசூட் பாதிரியார் கண்ணுல பட்டுச்சு, மொத்தம் நாப்பதாயிரத்துக்கு மேல. ஆனா இந்தப் படங்களை நீங்களா டவுன்லோட் பண்ணி பிரிண்ட் போட்டு விக்கலாம்னு நினைக்காதீங்க. அயர்லாந்துல எடுத்தவர் இறந்து 70 வருஷம் வரைக்கும் காப்பிரைட் உண்டு, கணக்கு போட்டா 2030 முடியணும்.

என் ஹால்ல இருக்கிறது வேற. டைட்டானிக்கை கட்டின ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கம்பெனிக்கு போட்டோ எடுத்த ராபர்ட் வெல்ச் 1911-ல பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் ரோட்ல எடுத்தது. ஷிஃப்ட் முடிஞ்சு ஆளுங்க கும்பல் கும்பலா வர்றாங்க, எல்லாருக்கும் தட்டையான தொப்பி, டிராம் நிக்குது, பின்னாடி தூரத்துல 228 அடி உயர இரும்பு சாரத்துக்குள்ள பாதி கட்டின டைட்டானிக். முன்னாடி வர்ற ஒருத்தர் ரெண்டு பேர் நேரா கேமராவை பாக்குறாங்க, சில பேர் நடந்துக்கிட்டே இருந்ததால கால் மட்டும் மங்கலா இருக்கும். அந்த காலை பாத்துட்டுதான் நான் அந்தப் படத்தை பிடிச்சேன்.

நல்ல ஃபைல் எங்க கிடைக்கும்? காசு கட்டணுமா?

அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வெப்சைட்தான் முதல் இடம். டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனி கலெக்‌ஷன்ல நியூயார்க் துறைமுகத்துக்கு வந்த லைனர்களோட (பெரிய பயணிகள் கப்பல்) படங்கள் நிறைய, கண்ணாடி பிளேட்ல (அந்தக் காலத்து நெகட்டிவ்) இருந்து ஸ்கேன் பண்ணது, பெரிய டிஃப் ஃபைலாவே இலவசமா இறக்கிக்கலாம். பெய்ன் நியூஸ் சர்வீஸ் கலெக்‌ஷன் பத்திரிகைக்கு எடுத்தது, அதுல கப்பலை விட துறைமுக கூட்டம், பெட்டி படுக்கை, கையசைக்கிறவங்க அதிகம். பக்கத்துல காப்பிரைட் குறிப்பு இருக்கும், தடை எதுவும் இருக்கிறதா தெரியலைன்னு போட்டிருந்தா தாராளமா பிரிண்ட் போடுங்க.

இங்கிலாந்து பக்கம்னா மாரிடேனியா கட்டின கதைக்கு டைன் அண்ட் வியர் ஆர்கைவ்ஸ், பெல்ஃபாஸ்ட் கப்பலுக்கு வட அயர்லாந்து தேசிய மியூசியம், கப்பலோட உள்பக்க அலங்காரத்துக்கு கிரீன்விச்ல இருக்கிற நேஷனல் மாரிடைம் மியூசியம், பெட்ஃபோர்டு லெமேர் கம்பெனி எடுத்த டைனிங் ஹால் படமெல்லாம் அங்கதான் இருக்கு. இவங்க சில படத்துக்கு கட்டணம் வாங்குவாங்க. நான் ஒண்ணு காசு கொடுத்தே வாங்கினேன், வருத்தம் இல்ல.

காப்பிரைட் சுருக்கமா: நம்ம நாட்டு சட்டப்படி 2012 வரைக்கும் போட்டோ வெளியாகி 60 வருஷம்னு இருந்துச்சு, இப்ப எடுத்தவர் இறந்து 60 வருஷம். அமெரிக்காவுல வெளியாகி 95 வருஷம். இங்கிலாந்துல எடுத்தவர் இறந்து 70 வருஷம், ராபர்ட் வெல்ச் 1936-ல இறந்துட்டாரு, அதனால கவலை இல்ல. வீட்டுச் சுவத்துல மாட்டுறதுக்கு யாரும் வரப்போறதில்ல, ஆனா விக்கணும்னா ஒவ்வொரு படத்துக்கும் தனியா பாருங்க.

கூகுள்ல எடுத்த படத்தை அப்படியே பிரிண்ட் போட்டா என்ன?

போடலாம், தீப்பெட்டி சைஸுக்கு. 640 பிக்சல் அகலம் இருக்கிற படத்தை 300 டிபிஐ-ல (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) போட்டா ரெண்டு இஞ்சுக்கு கொஞ்சம் கூடதான் வரும். 16-க்கு 20 இஞ்ச் பிரிண்டுக்கு 4800-க்கு 6000 பிக்சல் வேணும். ஹால்ல ஆறு அடி தள்ளி நின்னு பாக்குற படம்னா 200 டிபிஐ போதும், 3200-க்கு 4000. அதுக்குக் கீழ போகாதீங்க, கயிறு கம்பியெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும்.

ஒரு விதிவிலக்கு. 1844-ல பிரிஸ்டல்ல ஃபாக்ஸ் டால்பட் எடுத்த 'கிரேட் பிரிட்டன்' படம், கப்பலை எடுத்த முதல் போட்டோவே அதுதான்னு சொல்றாங்க. அது கண்ணாடி நெகட்டிவ் இல்ல, பேப்பர் நெகட்டிவ், அதனால பேப்பரோட நாரே படத்துல விழுந்திருக்கும், எவ்ளோ பெரிய ஃபைல் எடுத்தாலும் மங்கலாத்தான் இருக்கும். அதை பெருசாக்காதீங்க. நான் உள்ளங்கை அளவுக்கு போட்டு சுத்தி நிறைய வெள்ளை விட்டு மாட்டியிருக்கேன், கிட்ட போய் குனிஞ்சு பாக்கணும், அதுதான் அதுக்கு அழகு. அந்தக் கப்பலே இன்னைக்கும் பிரிஸ்டல்ல மியூசியமா நிக்குது, ஃபாக்லாந்து தீவுல கைவிட்டுக் கிடந்ததை 1970-ல இழுத்துக்கிட்டு வந்தாங்க.

வானம் வெறும் வெள்ளையா இருக்கே, கொஞ்சம் மேகம் போட்டா நல்லா இருக்காதா?

வேண்டாம் சாமி. அந்தக் காலத்து பிளேட்டுக்கு நீல வெளிச்சம் ரொம்ப உறைக்கும், சிவப்பு சுத்தமா தெரியாது. கப்பல் சரியா விழுற அளவுக்கு எக்ஸ்போஸ் பண்ணா வானம் எரிஞ்சு வெள்ளையாயிடும். அதே காரணத்தாலதான் மாரிடேனியாவை ஓட்டின குனார்டு கம்பெனியோட ஆரஞ்சு சிவப்பு புகைபோக்கி போட்டோவுல கிட்டத்தட்ட கறுப்பா இருக்கும். அந்த வெள்ளை வானம் அந்தக் காலத்து கெமிஸ்ட்ரி, அதை மூடினா பாதி வயசு போயிடும்.

ஆனா ஒண்ணு, மேகமும் புகையும் வரையறது நம்ம கண்டுபிடிப்பு இல்ல. அப்பவே போஸ்ட்கார்டு கம்பெனிக்காரங்க நெகட்டிவ் மேலயே பிரஷ்ல புகை போட்டுடுவாங்க, நிக்கிற கப்பலும் ஓடுற மாதிரி தெரியணும்ல. கண்டுபிடிக்கிறது சுலபம். டைட்டானிக், ஒலிம்பிக் ரெண்டுலயும் நாலாவது புகைபோக்கி பாய்லருக்கு இல்ல, காத்து போறதுக்கும் சமையலறை புகைக்கும்தான். அதுல இருந்து மத்த மூணுக்கும் சமமா கன்னங்கரேல்னு புகை கிளம்புனா யாரோ உக்காந்து வரைஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். மாரிடேனியாவுக்கும் அதோட ஜோடிக் கப்பல் லூசிடானியாவுக்கும் இந்த டெஸ்ட் செல்லாது, அதுல நாலும் நிஜமாவே வேலை செஞ்சது. அந்த மாதிரி வரைஞ்ச போஸ்ட்கார்டும் எனக்கு பிடிக்கும், அது அந்தக் காலத்து பொய், அதுக்கும் ஒரு மரியாதை உண்டு.

கலர் பண்ணதும் ஏஐ வச்சு ஷார்ப் பண்ணதும் சூப்பரா இருக்கே?

தூரத்துல இருந்து சூப்பர். கிட்ட போய் லைஃப்போட் எண்ணுங்க, ஒண்ணு பாதியில கரைஞ்சு போயிருக்கும். கப்பல் பேரை படிச்சுப் பாருங்க, எந்த மொழியிலயும் இல்லாத எழுத்தா இருக்கும். டெக்ல நிக்கிற ஆளுங்க முகம் மெழுகு பொம்மை. ரிவெட் வரிசையை அதுவா கற்பனை பண்ணி போட்டுடும், அப்புறம் எது 1907, எது நேத்து ராத்திரின்னு யாருக்கும் தெரியாது.

கலர்ல பெரும்பாலும் தப்பு நடக்குறது புகைபோக்கியில. டைட்டானிக், ஒலிம்பிக்கை ஓட்டின வொய்ட் ஸ்டார் லைன்னா சந்தனத்துல கொஞ்சம் காவி கலந்த மாதிரி, மேல கறுப்பு. குனார்டுன்னா ஆரஞ்சு சிவப்பு. ரெண்டையும் மாத்தி அடிச்சு வச்சிருப்பாங்க. கலர்தான் வேணும்னா அந்தக் காலத்துலயே சுவிட்சர்லாந்து முறையில கல் அச்சுல கலர் சேத்து போட்ட 'போட்டோகுரோம்' படங்கள் இருக்கு, அதையே தேடி எடுங்க.

ரெடிமேட் பிரேம் வாங்கி போட்டுடலாமா?

இங்கதான் என் வயித்தெரிச்சல். டெட்ராய்ட் கம்பெனி பிளேட் பலதும் 8-க்கு 10 இஞ்ச். பெய்ன் பிளேட் பெரும்பாலும் 5-க்கு 7. நம்ம ஊர்ல பல கடையில ரெடியா தொங்குறது 12-க்கு 18, அது வேற விகிதம். படம் உள்ள போகாது, அப்ப என்ன பண்ணுவாங்க, வெட்டுவாங்க.

நான் முதல் தடவை ஒரு பிரேம் கடையில பிரிண்டை கொடுத்துட்டு காபி குடிக்கப் போனேன். சாமி படம், கல்யாண போட்டோ எல்லாம் அருமையா சட்டம் போடுற கடைதான், குறை சொல்ல முடியாது. திரும்பி வந்து பாத்தா படம் பிரேம்ல கச்சிதமா உக்காந்திருக்கு, கீழ ரெண்டு இஞ்ச் காணோம். அந்த ரெண்டு இஞ்ச்லதான் கரையில நின்ன அத்தனை பேரும் இருந்தாங்க, குடை பிடிச்ச ஒரு பொம்பளை, தோள்ல பையனை தூக்கி வச்சிருந்த ஒருத்தர், கயிறு மேல உக்காந்திருந்த ஒரு தாத்தா. "கப்பல் முழுசா இருக்கு பாருங்க சார், கீழ சும்மா ஜனங்கதான் நின்னாங்க, அதான் எடுத்துட்டேன்"னாரு. அவர் மேல தப்பில்ல, நான்தான் சொல்லல. குப்பைக் கூடையில அந்தத் துண்டு இருந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டேன், இன்னும் டைரிக்குள்ள இருக்கு.

ஜனங்களை வெட்டிட்டா அது எவ்ளோ பெரிய கப்பல்னு தெரியாம போயிடும், பொம்மைக் கப்பல் மாதிரி ஆயிடும். ஆன்லைன்ல வால் ஆர்ட்னு விக்கிறவங்களும் இதே வேலைதான் பண்றாங்க, கரையை வெட்டி, கப்பலை மட்டும் நடுவுல வச்சு. வாங்குறதுக்கு முன்னாடி ஆர்கைவ் வெப்சைட்ல முழு படத்தை ஒரு தடவை பாத்துடுங்க.

8-க்கு 10 படத்துக்கு 12-க்கு 15 இல்ல 16-க்கு 20 பிரிண்ட் ஒரு மில்லி கூட வெட்டாம உக்காரும். 5-க்கு 7-க்கு 10-க்கு 14, 15-க்கு 21. பிரேமை அதுக்கு ஏத்த மாதிரி அளவு சொல்லி செய்ய சொல்லுங்க. பிளேட்டோட ஓரத்துல கைல எழுதுன நம்பர், உடைஞ்ச மூலை இருந்தா அதையும் விட்டுடுங்க.

பேப்பர், மவுண்ட், கண்ணாடி இதெல்லாம் எப்படி சொல்றது? கடைக்காரர் ஏதேதோ கேக்குறாரு.

பேப்பர்: பளபளா வேண்டாம், மேட். பருத்தி பேப்பர்ல பிக்மென்ட் இங்க் பிரிண்ட் போடுற லேப் பெரிய ஊர்ல எல்லாம் இருக்கு, கறுப்பு நல்லா ஆழமா விழும். பிரிண்ட் போட சொல்றப்போ படத்தோட பழுப்பு சாயலை அப்படியே விட சொல்லுங்க, சில லேப்ல நல்லது பண்றதா நினைச்சு சுத்தமான கறுப்பு வெள்ளையா மாத்திடுவாங்க.

மவுண்ட்: படத்துக்கும் பிரேமுக்கும் நடுவுல வர்ற அட்டை. ஆசிட் இல்லாததான்னு கேளுங்க, சாதா அட்டைன்னா கொஞ்ச வருஷத்துல படத்தோட ஓரம் மஞ்சளாகும். நாலு பக்கமும் குறைஞ்சது ரெண்டரை இஞ்ச் விடுங்க. "இவ்ளோ வெள்ளை எதுக்கு சார், படத்தையே பெருசாக்கிடலாமே"ன்னு கண்டிப்பா சொல்வாங்க, சிரிச்சுட்டு விட்டுடுங்க.

கண்ணாடி: படம் கண்ணாடியை தொடவே கூடாது. எங்க வீடு கடல்ல இருந்து ஒன்றரை கிலோமீட்டர், மழைக்காலத்துல உப்புக்காத்தும் ஈரமும் சேந்து மவுண்ட் இல்லாம போட்ட ஒரு படம் கண்ணாடியில ஒட்டிக்கிச்சு, பிரிச்சா மாரிடேனியாவோட பாதி வானம் கண்ணாடியோடயே வந்துடுச்சு. மவுண்ட் அட்டை இருந்தாலே நடுவுல காத்துக்கு இடம் கிடைக்கும். பின்பக்கம் முழுசா டேப் ஒட்டச் சொல்லுங்க, இல்லன்னா ராமபாணப் பூச்சி உள்ள போய் குடும்பம் நடத்தும். பின்னாடி கீழ ரெண்டு மூலையிலயும் சின்ன ரப்பர் புஷ் வச்சா படம் சுவத்தை விட்டு கொஞ்சம் தள்ளி நிக்கும், சுவத்து ஈரம் ஏறாது.

சட்டம்: மெல்லிசா, கறுப்பு இல்ல தேக்கு. தங்கக் கலர் பூ வேலை சட்டம் போட்டா கப்பலுக்கு சூடம் காட்டணும் போல இருக்கும்.

கேன்வாஸ்ல போட்டா?

கேன்வாஸ் நெசவு படத்தோட நுணுக்கத்தை எல்லாம் முழுங்கிடும். வேண்டாம்.

மூழ்குன கப்பல் படத்தை வீட்ல மாட்டலாமா? வாஸ்துப்படி ஆகாதுன்னு வீட்ல சொல்றாங்க.

இதுதான் அதிகமா வர்ற கேள்வி. எங்க அம்மாவும் "மூழ்குன கப்பலை கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா மாட்டி வச்சிருக்கியே, வீடு உருப்படுமா"ன்னு ஒரு வாரம் பேசாம இருந்தாங்க. நான் வாதாடல. மூழ்காத கப்பல்தான் நிறைய இருக்கே. ஒலிம்பிக் 1911-ல இருந்து 1935 வரைக்கும் ஓடுச்சு, முதல் உலகப்போர்ல ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை மோதி மூழ்கடிச்சதே அதுதான். மாரிடேனியா அட்லான்டிக்கை வேகமா கடக்குற சாதனையை இருபது வருஷம், 1929 வரைக்கும் கையில வச்சிருந்துச்சு. இதெல்லாம் நல்லா வாழ்ந்து வயசாகி ரிட்டயர் ஆன கப்பல்கள். இப்படி சொன்னதும் அம்மா சமாதானம் ஆயிட்டாங்க, இப்ப விருந்தாளிங்ககிட்ட "இது மூழ்கல"ன்னு அவங்களே முதல்ல சொல்லிடறாங்க. லூசிடானியா மட்டும் வேண்டாம்னு எனக்கே தோணுது, ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடிச்ச 1915 மே 7 ஞாபகம் வந்துடும்.

கப்பல் பிரம்மாண்டம்னு சொல்றீங்க, அதுல கீழ்த்தட்டுல போன சாதாரண ஜனங்க படம் இல்லையா?

நல்ல கேள்வி. ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1907-ல 'கைசர் வில்ஹெல்ம் 2' கப்பல்ல எடுத்த 'தி ஸ்டியரேஜ்' இருக்கு. அவர் போனது முதல் வகுப்புல, அங்க இருந்தவங்களோட இருக்க போரடிச்சு நடந்து வந்து கீழ எட்டிப் பாத்தாராம், கேமராவுல ஒரே ஒரு பிளேட்தான் பாக்கி இருந்துச்சாம், பின்னாடி அவரே எழுதினது. குறுக்க ஒரு வெள்ளை பாலம், மேல வைக்கோல் தொப்பி போட்டு குனிஞ்சு பாக்குற ஒருத்தர், கீழ முக்காடு போட்ட பொம்பளைங்க, காயப்போட்ட துணி. எல்லாரும் இதை அமெரிக்காவுக்கு பிழைக்க வந்தவங்க படம்னு சொல்வாங்க, உண்மையில கப்பல் அமெரிக்காவுல இருந்து ஐரோப்பாவுக்கு திரும்பிப் போயிட்டு இருந்துச்சு. போனவங்க இல்ல, திரும்புறவங்க. எங்க வீட்ல இது சாப்பாட்டு மேஜை பக்கத்துல இருக்கு.

எங்க தாத்தா ரஜூலா கப்பல்ல மலேயா போனவரு. அந்தப் படம் கிடைக்குமா?

இந்தக் கேள்வி கேக்குறவங்க குரலே மாறிடும். ரஜூலா 1926-ல கிளாஸ்கோவுல பார்க்ளே கர்ல் கட்டினது, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியோடது, மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு 1973 வரைக்கும் ஓடுச்சு, போர்க்காலத்துல சிப்பாய்களை ஏத்திக்கிட்டு போனது தனி. ஒத்தை புகைபோக்கி, அட்லான்டிக் கப்பல் பகட்டு எல்லாம் கிடையாது, டெக்ல பாய் விரிச்சு படுத்துக்கிட்டு போன ஆயிரக்கணக்கான ஜனங்கதான் அதோட அலங்காரம். கப்பலோட போட்டோ வெளிநாட்டு கலெக்டர்கள்கிட்ட இருக்கு, ஆனா பெரும்பாலும் காப்பிரைட்டோட, கேட்டு வாங்கணும். அதை விட உங்க வீட்டு பரண்ல தேடுங்க. துறைமுகத்துல மாலை போட்டு வழியனுப்புன குரூப் போட்டோ, பழைய பாஸ்போர்ட், டிக்கெட் ஏதாவது கிடைச்சா அதை கப்பல் படத்தோட சேத்து ஒரே பிரேம்ல ரெண்டு ஜன்னல் வெட்டி மாட்டுங்க. சிங்கப்பூர்ல இருக்கிற ஒரு நண்பர் வீட்ல அப்படித்தான் பண்ணோம், தாத்தா எட்டணா சைஸ்ல, கப்பல் ரெண்டு அடிக்கு.

இலங்கைக்காரங்களுக்கு இன்னும் வசதி. 1885-ல அலைதடுப்புச் சுவர் முடிஞ்சதுல இருந்து ஆஸ்திரேலியா போற பி அண்ட் ஓ, ஓரியண்ட் லைன் கப்பலெல்லாம் கரி ஏத்த கொழும்புல நின்னுட்டுதான் போகும். கொழும்புல ஸ்கீன், 1890-ல ஆரம்பிச்ச பிளாட்டே ஸ்டூடியோ எல்லாம் துறைமுகத்தை எடுத்து போஸ்ட்கார்டா வித்திருக்காங்க. அதே ஆஸ்திரேலியா ரூட் கப்பல்களை மெல்போர்ன்ல ஆலன் கிரீன்ங்கிறவர் எடுத்து வச்சிருக்காரு, விக்டோரியா மாநில நூலகத்துல தேடிப் பாருங்க.

பழைய ஒரிஜினல் பிரிண்டே வாங்கி மாட்டலாமா?

வாங்கலாம், மாட்டாதீங்க. 19-ஆம் நூற்றாண்டு பிரிண்ட் பலதும் முட்டை வெள்ளைக்கரு பூசின பேப்பர், வெளிச்சம் பட்டா வெளிறிடும். ஸ்கேன் பண்ணி காப்பியை மாட்டிட்டு ஒரிஜினலை ஆசிட் இல்லாத கவர்ல போட்டு பீரோவுல வைங்க.

எந்தச் சுவர்?

வெயில் நேரா விழாத சுவர், பாத்ரூமுக்கு ஒட்டுன சுவரா இருக்கக்கூடாது, வெளிச்சுவத்துல மழை ஊறுற இடமும் கூடாது. படத்தோட நடுப்பகுதி உங்க கண்ணு மட்டத்துல இருக்கட்டும், நம்ம ஊர்ல எல்லாரும் சாமி படம் மாதிரி அண்ணாந்து பாக்குற உயரத்துல ஆணி அடிச்சிடறோம், கரையில நிக்கிற ஆளுங்க அப்புறம் எப்படி தெரிவாங்க.

கண்ணாடியை எப்படி துடைக்கிறது?

ஸ்ப்ரேயை துணியில அடிச்சு துடைங்க, கண்ணாடி மேல நேரா அடிச்சா தண்ணி கீழ் ஓரத்துல இறங்கி மவுண்ட் அட்டையில கறை பிடிச்சிடும். பண்டிகைக்கு வீடு துடைக்கிறப்போ இதை வேலைக்கு வர்ற அக்காகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, எங்க வீட்டு குவீன்ஸ் ரோடுல இடது மூலையில இருக்கிற கறை போன பொங்கலுக்கு வந்தது.